இவாகுரா தொமோமி ஒதுங்கிக் கிடந்த வீடு: 400 யென்னுக்கு ஒரு மதியம்

ஜப்பானில் பேரரசர் ஆட்சியை மீட்டவர்களில் ஒருவரான இவாகுரா தொமோமி ஒதுங்கி வாழ்ந்த வீடு கியோட்டோவின் வடக்கில் இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அங்கே புதன்கிழமை போகாதீர்கள். நான் போனேன். மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். தப்பு என்னுடையதுதான், கிளம்பும் முன் வார விடுமுறை என்றைக்கு என்று பார்த்திருக்க வேண்டும். மறுநாள் திரும்பவும் தெமாச்சியானாகியில் எய்சான் ரயில் ஏறி, இவாகுரா நிலையத்தில் இறங்கி, வடக்குப் பக்கமாக நிதானமாக நடந்தேன், இருபது நிமிஷம் ஆனது. ஜிஸ்ஸோயின் கோயிலுக்குப் போகிற வழிதான் இதுவும். அந்தக் கோயிலில் மேப்பிள் மரங்கள் பளபளக்கும் மரத்தரையில் கண்ணாடி போலத் தெரியும் என்பதால் இலையுதிர் காலத்தில் கூட்டம் அள்ளும். நான் போனது வேறு மாதம். வீட்டுத் தோட்டத்தில் என்னைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும் இருந்தார்கள், அவர்களும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் 400 யென். தங்கக் கோயில், கோட்டை என்று பார்த்துப் பழகிய கண்ணோடு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கூரை வேய்ந்த ஒரு சின்ன வீடு, பக்கத்தில் அதைவிட எளிமையான துணைக்கட்டு ஒன்று, பைன் மரங்கள், மண்சுவர். அவ்வளவுதான். பார்த்து முடிக்க இருபது நிமிஷம் போதும், நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்றால், இந்த ஆளின் கதை தெரிந்தால் வீட்டின் அளவே ஒரு அதிர்ச்சி. இவாகுரா தொமோமி 1825இல் கியோட்டோவில் பிறந்த அரசவைப் பிரபு. பிரபு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹொரிகாவா என்ற சாதாரணக் குடும்பத்தின் இரண்டாவது மகன், இவாகுரா குடும்பத்துக்குத் தத்துப் போனவர், அந்தக் குடும்பமும் அரசவை வரிசையில் கீழ்ப்படியில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் பேரரசருக்கே கையில் அதிகாரம் இல்லை, எல்லாம் எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், இருந்த ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரிடம். அப்படிப்பட்ட அவையின் கீழ்ப்படியில் இருந்தவர்தான், 1858இல் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் போடப் பேரரசரின் ஒப்புதலை ஷோகன் அரசு கேட்டபோது, 88 பிரபுக்களைத் திரட்டிக்கொண்டு போய் எதிர்ப்புக் காட்டியவர்களில் முன்னால் நின்றார்.

அப்புறம் அவர் எடுத்த முடிவுதான் அவரைக் கவிழ்த்தது. அவைக்கும் ஷோகனுக்கும் சம்பந்தம் பண்ணிவைத்தால் நாடு பிளவுபடாது என்று கணக்குப் போட்டு, கோமெய் பேரரசரின் தங்கை கசுனோமியாவை ஷோகன் இயெமோச்சிக்கு மணம் முடிக்க முன்நின்றார். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது, அவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. 1861இல் எடோவுக்குப் புறப்பட்ட ஊர்வலத்தில் இவாகுராவும் கூடவே போனார். கல்யாணம் நடந்தது, ஒற்றுமை மட்டும் வரவில்லை. பேரரசர் பக்கம் நின்ற தீவிரவாதிகள் அவரை ஷோகனின் ஆள் என்று முத்திரை குத்தி, உயிருக்கே குறிவைத்தார்கள். 1862இல் பதவி போனது, தலையை மழித்துத் துறவியாகச் சொன்னார்கள், நகரத்துக்குள்ளேயே வரக்கூடாது என்றார்கள். ஊர் ஊராக ஒதுங்கி, கடைசியில் வந்து சேர்ந்தது இந்தக் கிராமத்துக்கு. 1864இல் ஒரு தச்சரின் வீட்டை வாங்கினார். இப்போது துணைக்கட்டு என்கிறார்களே, அதுதான் அந்த வீடு.

அந்தத் துணைக்கட்டுக்கு எதிரே நிற்கும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்தக் கிராமத்தில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம். பகலில் வயல், ராத்திரியில் இருட்டு, கிழக்கே ஹியேய் மலை. கையில் பதவியும் இல்லை, படையும் இல்லை. இருந்தது தூரிகையும் மையும் மட்டுமே. உட்கார்ந்து கடிதம் கடிதமாக, திட்டம் திட்டமாக எழுதித் தள்ளினார். போகப்போக ஆட்கள் தேடிவர ஆரம்பித்தார்கள், ஒகுபோ தொஷிமிச்சி, நகாவோகா ஷின்டாரோ, சகாமோட்டோ ரியோமா. ஷோகன் ஆட்சியைக் கவிழ்க்கப்போகிறவர்கள் இந்தத் தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்கள். படத்தில் பார்த்தால் இது புரியாது, அந்த வாசலின் அகலத்தை நேரில் பார்க்க வேண்டும்.

வளாகத்துக்குள்ளேயே தாய்காகு புன்கோ என்று 1928இல் கட்டிய சின்ன ஆவணக் கூடம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் தகேதா கோயிச்சியின் வடிவமைப்பு, கூரை வீட்டுக்குப் பக்கத்தில் மேல்நாட்டுப் பாணியில் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது. தாய்காகு என்பது இவாகுராவின் புனைபெயர், மலையை எதிர்நோக்குவது என்று பொருள். உள்ளே போவதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் ருசிக்கும்.

நாடு கடத்தாத குறையாக ஒதுக்கப்பட்டவர் 1867 கடைசியில் நகரத்துக்குத் திரும்புகிறார். 1868 ஜனவரி 3ஆம் தேதி ஒகுபோ, படைத்தலைவர் சைகோ ஆகியோரோடு சேர்ந்து அரண்மனை வாசல்களைப் பிடித்து, கோமெய்க்குப் பின் வந்த பதினைந்து வயது மெய்ஜி பேரரசரின் பெயரில் ஆட்சி மீண்டது என்று அறிவிக்க வைக்கிறார். மெய்ஜி மறுசீரமைப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். கூரை வீட்டிலிருந்து அரண்மனை வரை அவர் போன தூரத்தை இன்றைக்கு ரயிலில் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. ஒப்பந்தத்தை எதிர்த்த அதே மனுஷன், அந்த ஒப்பந்தங்களைத் திருத்துவது பற்றிப் பேச 1871 டிசம்பரில் யோகோஹாமாவிலிருந்து ஒரு பெரிய தூதுக்குழுவுக்குத் தலைவராகக் கப்பல் ஏறுகிறார். சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த படம் பிரசித்தம். கூட இருக்கும் நாலு பேரும் கோட்டு போட்டிருக்க, நடுவில் இவர் மட்டும் கிமோனோவில், தலையில் குடுமி, காலில் தோல் ஷூ. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகன் எடுத்துச் சொன்ன பிறகு அந்தக் குடுமியும் சிகாகோவில் போனது. அந்தக் குழுவோடு மாணவர்களும் போனார்கள், ஆறு வயது உமேகோ உட்பட ஐந்து பெண் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒப்பந்தம் ஒன்றும் திருந்தவில்லை. ஆனால் ஐரோப்பாவில் ஜெர்மனியின் பிஸ்மார்க் வரை பார்த்துவிட்டு, சூயஸ் வழியாகத் திரும்பும்போது இலங்கையின் காலி துறைமுகத்தையும் தொட்டு, 1873 செப்டம்பரில் ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் வராததுமாகக் கொரியா மீது படையெடுக்கத் துடித்தவர்களைத் தடுத்து நிறுத்தியதில் இவாகுராவுக்குப் பெரிய பங்கு. அதற்குப் பலன், 1874 ஜனவரியில் தோக்கியோவில் அதில் கோபம் கொண்டவர்கள் அவர் மீது வாளோடு பாய்ந்தார்கள். அகழிக்குள் விழுந்து தப்பினார்.

நான் பர்ஸில் பழைய 500 யென் நோட்டு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன், அவர் முகம் போட்டது. ஒரு பழைய நாணயக் கடையில் வாங்கியது, மடிப்பே இல்லை என்று சொல்லித்தான் தந்தார்கள், வெளிச்சத்தில் பிடித்ததும் நடுவில் கோடு தெரிந்தது, சரி விடுங்கள். அதில் அவருக்கு வெட்டிய தலைமுடி, கழுத்தில் போ டை, பின்பக்கம் ஃபூஜி மலை. 1982இல் 500 யென் நாணயம் வந்த பிறகு இந்த நோட்டு மெல்ல வழக்கொழிந்தது, ஆனாலும் இன்றைக்கும் செல்லும். தோட்டத்தில் உட்கார்ந்து நோட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். மழித்த தலையோடு இங்கே வந்தவர், அப்புறம் குடுமி, அப்புறம் இந்த கிராப்பு.

வெளியே வரும் முன் அவருடைய தலைமுடியை வைத்து எழுப்பிய நினைவுக்கல்லையும் பார்த்துவிடுங்கள். 1883 ஜூலையில் தோக்கியோவில் புற்றுநோயால் இறந்தார், பேரரசர் முந்தின நாள் வீடு தேடி வந்து பார்த்தார், அரசே முன்நின்று இறுதிச் சடங்கு நடத்தியது. உடல் அங்கே ஷினாகாவாவில் இருக்கிறது. கிராமத்துக்கு வந்தது முடி மட்டும்.

குழந்தைகளோடு போவதானால் அவர்கள் பத்து நிமிஷத்தில் சலித்துவிடுவார்கள். வரலாற்றுப் பித்து உள்ளவர்களுக்கு என் பக்கம் ஐந்துக்கு நாலரை. அந்த அரையைக் குறைத்தது எனக்கே ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாததற்காக.