ஜெர்மனி நர்ஸ் பேக்கேஜ்: காசு எதற்குப் போகிறது, எதற்குப் போகக் கூடாது

நாகர்கோவில், மார்த்தாண்டம், திருச்சி, கோவை என்று நர்சிங் கல்லூரிகள் இருக்கிற ஊர்களில் எல்லாம் இப்போது ஜெர்மன் வகுப்பு போர்டு தொங்குகிறது. "பி2 வரை கிளாஸ், இன்டர்வியூ, விசா, டிக்கெட், மூன்றே வருஷத்தில் பி.ஆர்." பி2 என்பது ஜெர்மன் மொழித் தேர்ச்சியில் ஒரு நிலை, பி.ஆர். என்பது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. விலை சில லட்சம் ரூபாய். பாதி முன்பணம், மீதி ஆஃபர் லெட்டர் வந்ததும். எந்த நிறுவனம் விற்றாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், இந்த விமர்சனமும் ஒரு கடையைப் பற்றியது அல்ல, அந்தச் சரக்கைப் பற்றியது.

முதலில், இதை வாங்க வருகிற பெண்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். வளைகுடாவுக்குப் போன தலைமுறை காண்டிராக்ட் முடிந்தால் திரும்பியது. இவர்கள் கேட்பது செட்டில் ஆவதற்கான வழி. 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறிய ஊர்களில் பல ஸ்டாஃப் நர்ஸ்கள் இன்னும் அந்தத் தொகையைத் தொடவில்லை. அரசு வேலைக்குக் காத்திருந்தவர்கள் கண்டது வேறு: 2015-ல் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதித் தேர்வானவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள், பணி நிரந்தரத்துக்காகப் பல வருஷம் போராடினார்கள். தலையில் கல்விக் கடன், கல்யாணமானால் நைட் டூட்டிக்கு வீட்டில் முணுமுணுப்பு, பிரசவத்துக்குப் போனால் வேலை இருக்குமா என்ற பயம். ஜெர்மனியில் கர்ப்பிணிக்கு இரவு டூட்டி போடுவதற்கே சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் பாதுகாப்பு, அதன் பிறகு மூன்று வருஷம் வரை வேலை போகாமல் குழந்தையோடு இருக்கலாம். பல பெண்களுக்குச் சம்பளத்தைவிட இந்த வரிதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆகவே பேக்கேஜை அளக்க வேண்டிய கோல், அது விமானம் ஏற்றுகிறதா என்பது அல்ல. பி.ஆர். வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதே. அப்படி அளந்தால் பெரும்பாலான பேக்கேஜ்கள் பாதி வழியில் இறக்கிவிடுகின்றன.

மொழி வகுப்பில் தொடங்கலாம். காசு கொடுப்பதற்கு நியாயமான பகுதி இது ஒன்றுதான். ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் கணக்குப்படி, பி2-வுக்கு முந்தைய நிலையான பி1-ஐ எட்ட 45 நிமிடப் பாடங்கள் 350 முதல் 650 வரை வேண்டும், பி2-வுக்கு மொத்தம் 600 முதல் 800 வரை. 600 பாடம் என்றால் 450 மணி நேரம். டூட்டி பார்த்துக்கொண்டே தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் படிக்கிறவருக்கு அது 38 வாரம். 800 பாடம் என்றால் 50 வாரம். வீட்டுப்பாடம் இதில் சேரவில்லை. "ஆறு மாதத்தில் பி2 கியாரண்டி" என்பது வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்கிறவருக்கு மட்டும் பொருந்தும். அதைச் சொல்லாமல் விற்பது தவறு.

கோதே பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். எழுதுவதும் வாசிப்பதும் நம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது, சறுக்குவது கேட்டலிலும் பேசுதலிலும். காரணம் எளிது: வகுப்பில் முப்பது பேர், தமிழிலேயே இலக்கண விளக்கம், ஒருவருக்கு வாய் திறக்கக் கிடைப்பது இரண்டு நிமிடம். சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் பேசுகிற நேரத்தைவிட மாணவிகள் பேசுகிற நேரம் கூடுதலாக இருந்தால் அந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம்.

அடுத்தது டாக்குமெண்ட் வேலை. பார்க்கச் சின்னது, மாதக்கணக்கில் இழுப்பது. நம் நர்சிங் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமமா என்று முடிவு செய்யும் ஜெர்மன் அங்கீகார அலுவலகம், நம் பாடத்திட்டத்தையும் அவர்கள் பாடத்திட்டத்தையும் மணி நேரத்துக்கு மணி நேரம் ஒப்பிடுகிறது. ஆகவே ட்ரான்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி, எந்த வார்டு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லூரி மொத்தமாக ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தால், செய்த பயிற்சியும் செய்யாததாகக் கணக்காகி, குறைபாடுகளின் பட்டியல் நீளும். பட்டியல் நீண்டால் அங்கே போய்ச் செய்ய வேண்டிய பயிற்சியும் நீளும்.

நமக்கே உரிய சிக்கல் ஒன்று இனிஷியல். மார்க்‌ஷீட்டில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து, நர்சிங் கவுன்சில் பதிவில் அது பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். ஜெர்மன் அதிகாரிக்கு இவை நான்கு ஆட்கள். ஒரே ஆள்தான் என்று நோட்டரி பத்திரம் எடுத்து, மற்றவற்றோடு அதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து வைக்க வேண்டும். நல்ல ஏஜென்சி முதல் வாரத்திலேயே பாஸ்போர்ட்டையும் மார்க்‌ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை "சேஃப்டிக்காக" வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் கையெழுத்தே போட வேண்டாம்.

இனி, காசு போகக் கூடாத இடம். ஆள் தேடுவதற்கான செலவு மருத்துவமனையுடையது. ஜெர்மன் அரசின் நியாயமான ஆள்சேர்ப்புத் தர முத்திரை இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறது: வேலைக்கு வருகிற நர்சிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. ஜெர்மன் அரசு அமைப்புகள் நடத்தும் டிரிபிள் வின் என்ற நர்ஸ் ஆள்சேர்ப்புத் திட்டத்தில், கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் அமைப்பான நோர்கா வழியாகப் போகிறவர்களும் ஆள்சேர்ப்புக்கென்று பணம் கட்டுவதில்லை. இந்தியச் சட்டப்படியும் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மனிக்கு ஆள் எடுக்கிறது; அதன் அறிவிப்பைப் பார்க்காமல் வெளியே பணம் கட்டாதீர்கள். நீண்ட நாள் தங்கப் போகிறவருக்கான தேசிய விசாவின் கட்டணம் 75 யூரோ. விசாவைச் சீக்கிரம் முடிக்கும் விரைவு நடைமுறைக்கு ஜெர்மனியில் கட்டும் 411 யூரோவை முதலாளியே கட்டி விண்ணப்பிக்க வேண்டும். இவற்றை "விசா பிராசஸிங்" என்று லட்சக் கணக்கில் பில் போட்டால் அது சுத்த அநியாயம்.

முழு அங்கீகாரம் இல்லாமல் போகிறவர் முதலில் உதவியாளராகத்தான் சேர்கிறார். முதியோர் பராமரிப்பில் 2025 ஜூலையில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச கூலி உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, தகுதி பெற்ற நர்சுக்கு 20.50. மாதம் 170 மணி நேரம் என்று வைத்தால் வித்தியாசம் 748 யூரோ. பி2 முடிக்கும் வரை அங்கீகாரமும் தள்ளிப்போகும் என்பதால், பி1-லேயே ஏற்றிவிட்டு "பி2 அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்கிற பேக்கேஜ் எவ்வளவு விலை கூடியது என்பது இதில் தெரியும்.

குறைபாட்டை ஈடுகட்ட இரண்டு வழி: பல மாதப் பயிற்சி, அல்லது அறிவுத் தேர்வு. தேர்வில் வாய்மொழிப் பகுதி 45 முதல் 60 நிமிடம். செய்முறைப் பகுதி வார்டில், உண்மையான நோயாளியோடு. தவறினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் ஐ.வி., மருந்து, சார்ட் எல்லாம் நர்ஸ் பார்ப்பார். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது ஆயாவும் உடன் வந்த சொந்தமும் பார்க்கும். அங்கே அது நர்சின் அடிப்படை வேலை. காலை ஆறு மணி ஷிப்டில் தண்ணீர்க் கிண்ணத்தோடு கட்டிலருகே போய், முகம், கை, மார்பு என்று வரிசையாகத் துடைத்து, உடனே உலர்த்தி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று பாட்டியிடம் சொல்லிக்கொண்டே, முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, அவரால் செய்ய முடிந்ததை அவரையே செய்யவிட வேண்டும். முழுவதையும் நாமே வேகமாகச் செய்துவிட்டால் அதுவே குறை. இதைக் கற்றுத்தருகிற பேக்கேஜ்கள் மிகக் குறைவு.

"மூன்று வருஷத்தில் பி.ஆர்." பாதி உண்மை. 2023-ல் இயற்றிய சட்டத் திருத்தம் திறன் பணியாளருக்கு நான்கு வருஷத்தை மூன்றாகக் குறைத்தது. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது அங்கீகாரம் கிடைத்து, திறன் பணியாளர் அனுமதிக்கு மாறிய நாளிலிருந்து. பயிற்சிக் காலம் அதில் சேராது. எனவே இறங்கிய நாளிலிருந்து நான்கு, நாலரை வருஷம் என்று மனதில் வையுங்கள். 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும், 33 கேள்வி கொண்ட சமூக அறிவுத் தேர்வில் 15 சரியான பதிலும் வேண்டும்.

3,000 யூரோ சம்பளம் என்றால் தனியாள் கைக்கு 2,000-ஐச் சற்றுத் தாண்டித்தான் வரும். முகவரி பதியும்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகவும் போகும். கன்னியாகுமரிப் பிள்ளைகள் பலருக்கு முதல் சம்பளச் சீட்டில்தான் இது தெரியவருகிறது.

2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல் அனுமதி பெறும் திறன் பணியாளர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம். ஒற்றைப் பெண்பிள்ளையாக இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தடையாக நிற்பது மருத்துவக் காப்பீடு: அரசுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பது பெரும்பாலும் முடியாது, வயதானவருக்குத் தனியார் காப்பீடு விலை அதிகம். கணவர் வருவதானால் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் தேர்வு எழுத வேண்டும், ஆகவே கல்யாணம் பேசும்போதே வகுப்பில் சேர்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ நர்சிங் முடித்தவரிடம் நர்சிங்கை முதலிலிருந்து கற்றுத்தரும் மூன்று வருஷ அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியை விற்றால் வாங்காதீர்கள். அது பிளஸ் டூ முடித்தவருக்கு நல்ல வழி. உங்களிடம் இருக்கிற பட்டத்தை அங்கீகரிக்க அதில் பாதிக் காலமே போதும். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரி ஒன்று: இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மாதா மாதம் அந்தத் தொகை குறைகிறதா. குறையாமல் கடைசி மாதம் வரை முழுத்தொகையே நின்றால், அந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டாம்.