லைன்பேக்கர் கழுத்தில் 199 டாலர்: க்யூ-காலர் வாங்கலாமா?

முன்பக்கம் திறந்த ‘சி’ வடிவக் கழுத்து வளையம். உள்ளே ஸ்பிரிங் மாதிரி விறைப்பு, வெளியே ரப்பர் போன்ற மெத்தென்ற உறை. விலை 199 டாலர். அமெரிக்காவின் க்யூ30 இன்னோவேஷன்ஸ் நிறுவனம் தயாரிக்கும் க்யூ-காலர் இதுதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுப்பவர்) ட்ரூ ட்ராங்க்வில் கழுத்தில் டிவியில் பார்த்துவிட்டு, பள்ளி அணியில் ஆடும் பையனுக்கும் ஒன்று வாங்கிப் போட்டால் தலைக்குப் பாதுகாப்பு என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அந்த நினைப்போடு வாங்குவதாக இருந்தால் வேண்டாம். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் கருவி அல்ல இது. அப்படித் தடுக்கும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் சொல்லவில்லை.

இந்த வளையத்தைப் பிரபலமாக்கியவர் கரோலினா பேந்தர்ஸ் அணியின் மிடில் லைன்பேக்கர் லூக் கீக்லி. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த ஆண்டே சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருது, அடுத்த ஆண்டு லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. முதல் மூன்று சீசன்களில் ஒரு ஆட்டம்கூடத் தவறவில்லை. 2015-இன் முதல் ஆட்டத்திலேயே கன்கஷன்; மூன்று ஆட்டங்கள் போயின. 2016 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு எதிராக இன்னொன்று; சீசனின் கடைசி ஆறு ஆட்டங்களும் போயின. 2017-இல்தான் க்யூ-காலரின் சோதனை வடிவத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு களமிறங்கினார். அந்த அக்டோபரிலேயே பிலடெல்பியா ஈகிள்ஸ் ஆட்டத்தில் மறுபடி கன்கஷன் பரிசோதனைக்காக வெளியேறினார். அடுத்த ஆட்டத்தில் இல்லை. 2018, 2019 இரண்டிலும் பதினாறு ஆட்டங்களும் முழுமையாக ஆடினார். 2020 ஜனவரியில், 28 வயதில், ஓய்வு பெற்றார்.

இந்தக் கடைசி இரண்டு சீசன்களைக் காட்டி “காலர் வேலை செய்தது” என்று சொல்பவர்களும், 2017 அக்டோபரைக் காட்டி “வேலை செய்யவில்லை” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஆட்டக்காரரை வைத்து இரண்டையுமே நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு லைன்பேக்கரின் தலைக்கு என்ன நடக்கிறது என்பதற்கு அவருடைய ஆட்டம் நல்ல உதாரணம். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும், எதிரணி முன்வரிசையில் நிற்கும் கார்டு எடுத்துவைக்கும் முதல் காலடியைப் பார்க்கிறார். எதிரணி பந்தை வீசாமல் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறது என்று தெரிந்தால் நாலைந்து கஜம் முன்னோக்கிப் பாய்ந்து தனக்கு ஒதுக்கிய இடைவெளியை அடைக்க வேண்டும். அங்கே 140 கிலோ கார்டு இவரை நோக்கி வந்துகொண்டிருப்பார். முன்வரிசை லைன்மேன்கள் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் மோதுகிறார்கள், ஆனால் ஓடி வந்து அல்ல. ஓரங்களில் நிற்கும் கார்னர்பேக்குகள் வேகமாக மோதுகிறார்கள், ஆனால் அத்தனை முறை அல்ல. லைன்பேக்கருக்கு எண்ணிக்கையும் உண்டு, வேகமும் உண்டு. கீக்லி ஆடிய 118 ஆட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்துவது) கணக்கில் இருக்கின்றன. டாக்கிளில் முடியாத மோதல்களை யாரும் எண்ணுவதில்லை. மயக்கம், தலைசுற்றல் எதுவும் வராமல் கடந்துபோகும் இந்தச் சின்னச் சின்ன அடிகளைத்தான் க்யூ-காலர் குறிவைக்கிறது. எஃப்டிஏ 2021 பிப்ரவரியில் கொடுத்த அனுமதியும், 13 வயதுக்கு மேற்பட்ட விளையாட்டு வீரர்களுக்கு, இதற்கு மட்டும்தான்.

தத்துவம் என்னவென்றால், நிறைகுடம் தளும்பாது. வளையத்தின் இரு முனைகளும் கழுத்தின் இருபக்கமும் உள்ள ஜுகுலர் நாளங்களை லேசாக அழுத்துகின்றன. மூளையிலிருந்து இறங்கும் ரத்தம் கொஞ்சம் தேங்கி, மண்டையோட்டுக்குள் ரத்தத்தின் அளவு சற்றுக் கூடுகிறது. அதனால் மோதும்போது மூளை உள்ளே அசைவது குறையும் என்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த மருத்துவர் டேவிட் ஸ்மித்துக்கு ஆரம்ப யோசனை, ஓயாமல் கொத்தியும் மூளை பாதிக்கப்படாத மரங்கொத்தியிலிருந்து கிடைத்தது.

என் சந்தேகம் இங்கேதான். மண்டையோடு ஏற்கெனவே நிறைகுடம். மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் அதில் இடைவெளியில்லாமல் அடைந்திருக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று அந்த அளவுக்கு வெளியேறும். ரத்தம் கூடும்போது நீர் கீழே இறங்குகிறது என்றால், மெத்தையாக இருந்த நீரைக் குறைத்துவிட்டு எதைப் பாதுகாக்கிறோம் என்ற கேள்வி வருகிறது. உயரமான ஊர்களில் ஆடும்போது கன்கஷன் குறைவு என்ற ஆரம்பகால ஆய்வையும், அங்கே மூளையில் ரத்தம் கூடுகிறது என்று சொல்லி, காலர் தத்துவத்துக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். ஜேம்ஸ் ஸ்மோலிகா போன்ற உடலியல் ஆய்வாளர்கள் அதை விரிவாகவே மறுத்திருக்கிறார்கள். மரங்கொத்தி பற்றியும் 2022-இல் வந்த ஒரு ஆய்வு, அதன் மண்டை அதிர்ச்சியை உறிஞ்சுவதே இல்லை, விறைப்பான சுத்தியலாகத்தான் வேலை செய்கிறது என்று காட்டிவிட்டது. அதன் மூளை மிகச் சிறியது, அதனால்தான் தாங்குகிறது.

சரி, ஆய்வு என்ன சொல்கிறது? எஃப்டிஏ முக்கியமாக எடுத்துக்கொண்டது பள்ளி ஃபுட்பால் வீரர்கள் 284 பேரிடம் நடந்த ஆய்வு. 139 பேர் ஒரு சீசன் முழுக்கக் காலர் அணிந்தார்கள், 145 பேர் அணியவில்லை. சீசனுக்கு முன்னும் பின்னும் மூளையின் நரம்பிழைகளைப் படமெடுக்கும் டிஃப்யூஷன் டென்சர் முறையில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அணியாதவர்களில் 106 பேருக்கு, அதாவது 73 சதவீதத்தினருக்கு, மூளையின் வெண்பகுதியில் குறிப்பிடத்தக்க மாற்றம். அணிந்தவர்களில் 107 பேருக்கு, அதாவது 77 சதவீதத்தினருக்கு, அப்படி மாற்றம் இல்லை. இரண்டு எண்களையும் ஒரே திசையில் திருப்பிப் படிக்க வேண்டும்: மாற்றம் வந்தவர்கள் ஒரு பக்கம் 73 சதவீதம், இன்னொரு பக்கம் 23 சதவீதம். பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அளந்தது படத்தில் தெரிந்த மாற்றத்தை. அந்த மாற்றம் உண்மையான மூளைக் காயமா, பிற்காலத்தில் நினைவாற்றலையோ மனநிலையையோ பாதிக்குமா என்பது நிறுவப்படவில்லை. தான் காலர் போட்டிருக்கிறோமா இல்லையா என்பதும் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். போலிக் காலர் கொடுத்து ஒப்பிடாத ஆய்வில், போட்டவன் ஆடும் விதம் மாறியதா என்பதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் வாங்குபவர்கள் செய்ய வேண்டியது: கழுத்தின் சுற்றளவை டேப்பால் அளந்துதான் சைஸ் தேர்ந்தெடுக்க வேண்டும், சட்டைக் காலர் சைஸை வைத்து ஊகிக்கக் கூடாது. டேப் தோலை ஒட்டியிருக்கட்டும், இறுக்க வேண்டாம். ஆறு மாதம் ஜிம்மில் கழுத்துப் பயிற்சி செய்த லைன்பேக்கரின் பழைய அளவு இனி செல்லாது, வளரும் பையனுடையதும் அப்படித்தான். எனவே ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மறுபடி அளக்க வேண்டும். அணியும்போது இரு கைகளாலும் விரித்து, பின்கழுத்திலிருந்து நுழைத்து, முனைகள் குரல்வளைக்கு இருபக்கமும் சமமாக வரும்படி வைக்க வேண்டும். ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்தால் ஒரு நாளத்தை மட்டும்தான் அழுத்தும். பெரிய சைஸ் என்றால் சும்மா தொங்கும், பயன் பூஜ்யம். சிறிய சைஸ் என்றால் முகம் கனக்கும், விழுங்கவே சிரமமாக இருக்கும். உடனே கழற்ற வேண்டும். முன்னால் பூட்டு கிடையாது, ஆகவே ஷோல்டர் பேடின் மேல்விளிம்பு உயரமாக இருந்தால் ஒவ்வொரு மோதலிலும் காலர் மேலே தள்ளப்படும். நெக் ரோல் எனும் கழுத்து மெத்தை போடும் லைன்பேக்கர்களுக்கு இது பெரிய தொல்லை. முழு யூனிஃபார்மோடு போட்டுப் பார்த்து, தலையை இருபக்கமும் திருப்பி, தரையில் குப்புறப் படுத்து எழுந்து பார்த்த பிறகே ஆட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டும். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் அணியக் கூடாது.

குளுக்கோமா, வலிப்பு நோய், மூளையில் நீர் கோத்தல், மூளையில் ரத்த உறைவு, மூச்சுப்பாதை அடைப்பு உள்ளவர்களும், ஆறு மாதத்துக்குள் தலையில் திறந்த காயம் பட்டவர்களும் இதைத் தொடவே கூடாது. மருத்துவரிடம் கேட்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டாம் என்று சொல்வதற்கு இந்தப் பட்டியல் ஒன்றே போதும்.

இந்த 199 டாலரைச் செலவு செய்வதற்கு முன் ஹெல்மெட்டைப் பாருங்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஃபுட்பால் ஹெல்மெட்டுகளைச் சோதித்து ஐந்து நட்சத்திர அளவில் தரவரிசை வெளியிடுகிறது. மதிப்பெண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு ஏறக்குறைய இரண்டு விரல்கட்டை மேலே இருக்க வேண்டும். முகத்துக்கு முன்னால் உள்ள கம்பி ஃபேஸ்மாஸ்கைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அதன் உள்ளே இருக்கும் காற்றுப் பைகளில் காற்று போதவில்லை. முடி வெட்டிய பிறகும், குளிர்காலம் தொடங்கிய பிறகும் காற்றைச் சரிபார்க்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பத்து வருடம் கடந்த ஹெல்மெட்டை அமெரிக்காவில் புதுப்பித்துத் தரும் நிறுவனங்களே ஏற்பதில்லை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்துக்குக் காலர் தேடுவது தவறான வரிசை.

அதைவிட முக்கியம் பயிற்சி. விஸ்கான்சின் மாநிலம் 2014-இல் பள்ளி அணிகளின் முழு மோதல் பயிற்சியைக் கட்டுப்படுத்தியது: முதல் வாரம் அறவே இல்லை, இரண்டாம் வாரம் 75 நிமிடம், அதன்பின் வாரத்துக்கு 60 நிமிடம். பயிற்சியின்போது ஏற்பட்ட கன்கஷன் விகிதம் பாதிக்கும் கீழே போனது. செலவு ஒரு டாலர்கூட இல்லை. உங்கள் பையனின் பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, வாரத்துக்கு எத்தனை நிமிடம் முழு மோதல் என்பதைத்தான். அடுத்து, டாக்கிள் செய்யும்போது தலையை எங்கே வைக்கச் சொல்லித் தருகிறார் என்று கேளுங்கள். ஓடுபவருக்குக் குறுக்கே, முன்னால் தலையை நுழைக்கச் சொல்வது பழைய முறை. முழங்காலும் இடுப்பும் நேராக உச்சந்தலையில் வந்து மோதும். சியாட்டில் சீஹாக்ஸ் 2014-இல் வீடியோவாகவே வெளியிட்ட ரக்பி பாணியில் தோள்தான் முதலில் போகும், தலை ஓடுபவரின் பின்பக்கம் ஒதுங்கும், கண் மேலே இருக்கும்.

ஹெல்மெட்டும் பயிற்சியும் சரியாக இருந்து, மருத்துவரும் சம்மதித்து, கையில் பணமும் இருக்கிற வயது வந்த ஆட்டக்காரர் இதை வாங்கினால் குறை சொல்ல மாட்டேன். பள்ளிப் பையனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்ட பெற்றோர் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்: தலையில் அடிபட்டு வாந்தி, மங்கலான பார்வை, குழப்பம் எதுவாவது தெரிந்தால், காலர் போட்டிருந்தான் என்ற காரணத்துக்காக அவனை மறுபடி களத்துக்குள் விடாதீர்கள். அன்றைய ஆட்டம் அவனுக்கு அங்கேயே முடிந்தது. அடுத்தது மருத்துவப் பரிசோதனை.