குட்டை ஷாக்கா, செதுக்கிய சீட்டா? மலைச்சாலைக்கு எது பொருந்தும்

போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஏலமலைக்கு ஏறி இறங்குகிறவர்களில் பலர் இப்போது பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு மாறியிருக்கிறார்கள். உயரம் குறைந்தவர்களுக்கு அந்த வண்டிகளில் முதல் கவலை, கால் தரையில் எட்டுமா என்பதுதான். சமவெளியில் அது சின்னச் சங்கடம். குமுளி, பூப்பாறை, சாந்தன்பாறைச் சாலைகளில் அது பாதுகாப்பு விஷயம். ஏற்றத்தில் எதிரே தோட்டத்து ஜீப் வந்தால், தார் முடிந்து சரளை தொடங்கும் ஓரத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். அங்கே இடது பக்கத் தரை இரண்டு விரற்கடை தாழ்ந்துதான் கிடக்கும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை நுனிக்காலால் தாங்க முடியாது. ஒருமுறை சாயத் தொடங்கிவிட்டால் நிமிர்த்தவும் முடியாது.

பட்டறையில் போய்ச் சொன்னால் உடனே கிடைக்கும் யோசனை, பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் குட்டையாக மாற்றிவிடுவது. இன்னொரு வழி, சீட்டின் நுரையைச் செதுக்குவது. மலையில் ஓட்டுகிறவர் முதலில் சீட்டில்தான் கை வைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு.

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650ஐ எடுத்துக்கொள்வோம். சீட் உயரம் 804 மி.மீ., தரை இடைவெளி 174 மி.மீ., பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 88 மி.மீ. இதில் 25 மி.மீ. குட்டையான ஷாக் பொருத்தினால் சீட்டும் 25 மி.மீ. இறங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இறங்காது. வண்டி முன்சக்கரத்தை ஊன்றிக்கொண்டு பின்பக்கமாகத் தாழ்கிறது. நாம் உட்காரும் இடமோ பின் அச்சுக்கு முன்னால், இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 மி.மீ.தான்.

அந்த 20 மி.மீ.க்குக் கொடுக்கும் விலை பெரிது. ஷாக்கின் அசைவு தூரமும் அதே அளவு குறைக்கப்பட்டிருந்தால் 88இல் மிஞ்சுவது 60 மி.மீ. சொச்சம். குறைக்கப்படாவிட்டால் பள்ளத்தில் டயர் போய் மட்கார்டில் உரசும். பின்னால் ஆளையும் இரு பக்கப் பைகளையும் ஏற்றிக்கொண்டு, மழைக்குப் பின் குழிவிழுந்த சாலையில் இறங்கும்போது ஷாக் அடிவரை போய் இடிக்கும். அந்த இடி நேரே முதுகெலும்பில் வந்து விழும். இதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும். கடினமான ஸ்பிரிங் போட்டால் சின்ன மேடுகூட உடம்பில் தெரியும்.

திருப்பத்திலும் குணம் மாறும். பின்பக்கம் தாழ்ந்ததும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகப் பின்னோக்கிச் சாய்கிறது. நேர்சாலையில் வண்டி நிதானமாக ஓடுவது போலிருக்கும். வளைவில் திருப்பக் கூடுதலாகத் தள்ள வேண்டும். ஊர்ந்து போகும்போது ஹேண்டில்பார் உள்பக்கமாக விழப் பார்க்கும். போடிமெட்டு ஏற்றத்தின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். இதைச் சரிசெய்ய ஃபோர்க் குழாய்களையும் கிளாம்பில் சற்று மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். அப்போது முன்பக்கமும் தாழும், தரை இடைவெளி மேலும் குறையும், வளைவில் சாயும்போது ஃபுட்ரெஸ்ட் முன்னைவிடச் சீக்கிரம் தரையைத் தொடும்.

அடுத்தது சைடு ஸ்டாண்டு. வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டின் நீளம் மட்டும் அப்படியே இருக்கிறது. வண்டி அதன்மேல் சாயாமல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், காற்றே தள்ளிவிடப் போதும். லேத்தில் கொடுத்து ஸ்டாண்டை அளவாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் வண்டியை முன்பைவிட அதிக உயரம் தூக்கித்தான் அதன்மேல் ஏற்ற முடியும். கால் எட்டாதவருக்கு அது தனிச் சிரமம்.

செலவைக் குறைக்கச் சிலர் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் கடினமாகும், அதோடு ஷாக் முழுதாக நீளும் நேரத்தில் தன் இடத்தில் பதியாமல் ஆடும். வாயு நிரப்பிய ஷாக்கை வெட்டிக் குட்டையாக்குவது வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

இப்போது சீட். இதில் உயரத்தைவிட அகலம் முக்கியம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நின்றுகொண்டு கால் ஊன்றும்போது தொடைகள் சீட்டின் முன்பகுதியைத்தான் அணைக்கின்றன. அந்த ஓரங்களைச் சரித்துச் செதுக்கினால், உயரத்தைத் தொடாமலேயே கால் நேராகக் கீழே இறங்கும். கூடவே நடுவில் 20 மி.மீ. நுரையை எடுத்தால் அந்த 20 மி.மீ.யும் முழுசாக நமக்கே. ஷாக், ஃபோர்க், ஸ்டாண்டு எதையும் தொட வேண்டாம். தரை இடைவெளியும் அப்படியே இருக்கும்.

குறைகள் இதிலும் உண்டு. நுரை மெலிந்தால் நீண்ட பயணத்தில் இடுப்பெலும்பு நோகும். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடைவெளி குறைவதால் முழங்கால் அதிகம் மடங்கும். மூட்டு வலி உள்ளவர் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். இடுக்கி மழையில் தையல் வழியே தண்ணீர் இறங்கி நுரை நாள்கணக்கில் காயாமல் கிடக்கும்; உறைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கம்பெனி சீட்டைத் தொடாமல், இன்னொன்று வாங்கி அதில் வேலை செய்வது நல்லது. பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் போன்ற, பின்னால் ஒற்றை ஷாக் உள்ள வண்டிகளில் கணக்கு வேறு. அங்கே ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்க நெம்புகோல் போன்ற லிங்க் அமைப்பு இருப்பதால் ஷாக்கில் செய்யும் சின்ன மாற்றம் சக்கரத்தில் பலமடங்காகப் பெருகும். அனுமானத்தில் கை வைக்கக் கூடாது. ஹிமாலயன் 450க்கு 805 மி.மீ. வரை இறங்கும் தாழ்ந்த சீட்டை நிறுவனமே தருகிறது. அது போதும். தடித்த அடி கொண்ட பூட்ஸும் ஓரளவு உதவும்.

சீட்டை முடித்தும் பாதம் ஊன்றவில்லை என்றால் ஷாக்குக்குப் போகலாம். பெரும்பாலும் தனியாக, கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான தேர்வுதான். ஆனால் 25 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கோடு அந்த நீளத்துக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாங்குங்கள். ஃபோர்க், ஸ்டாண்டு வேலைகளையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.

கேரள எல்லை தாண்டுகிறவர்களுக்குச் சட்டமும் நினைவிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. ஷாக்கை மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய ஷாக் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள், தேவைப்பட்டால் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் இரவில் ஒரு சுவரின் முன் நிறுத்தி ஹெட்லைட்டைப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே ஏறியிருக்கும். மூடுபனியில் அது சாலையைக் காட்டாது, எதிரே வருகிறவர் கண்ணைத்தான் கூசவைக்கும். திருகைச் சுற்றிக் கீழே இறக்கிய பிறகே மலைக்குக் கிளம்புங்கள்.