பைக்கில் போன் சார்ஜ் போட எது சரி: கண்ணாடித் தண்டு யூ.எஸ்.பி.யா, லைட்டர் சொக்கெற்றா, பவர் பேங்க்கா?

மட்டக்களப்பு டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை, கல்லடியிலிருந்து பஸ் நிலையம் போய் வருவதற்குள் எந்தப் போனும் செத்துவிடாது. காலையில் கல்முனை, மத்தியானம் சம்மாந்துறை, பின்னேரம் அக்கரைப்பற்று என்று சாமான் கொடுத்துத் திரிகிறவர்கள், மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்துவில் வரை போகிறவர்கள், ஏ4 வீதியில் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி கொழும்புக்கே பைக்கில் போகத் துணிந்தவர்கள், இவர்களுக்குத்தான் இது. கடைக்குப் போனால் எல்லாரும் எந்தச் சொக்கெற் வடிவாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள், வயரை எங்கேயிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று பூட்டித் தருகிற கராஜ் பாஸிடம் யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் முக்கால்வாசி விஷயம் அதில்தான் இருக்கிறது.

கண்ணாடித் தண்டிலோ ஹாண்டிலிலோ பூட்டுகிற சின்ன யூ.எஸ்.பி. பெட்டியை முதலில் பார்ப்போம். பைக்கின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருவதுதான் அதன் வேலை. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட், இடையில் வீணாகிறதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து ஒரு ஆம்பியர் அளவு இழுக்கும். 35 வாட் ஹெட்லைற்றையே எரிக்கிற பைக்குக்கு அது ஒரு பாரமா? என்ஜின் ஓடும்போது போனைச் சார்ஜ் போட்டால் பற்றரி இறங்கிவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது பைக் சும்மா நிற்கும்போது. இந்தப் பெட்டிகளில் பாதிக்கு நீல லைற்றும் வோல்ட் காட்டுகிற சின்ன மீற்றரும் இருக்கும், பற்றரியில் நேரே கொழுவினால் இரவும் பகலும் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால்கூட, 4 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று 200 மணித்தியாலத்தில், அதாவது எட்டு நாள் சொச்சத்தில் வெறுமையாகிவிடும். செல்ஃப் அடிக்காமல் போவதற்கு அவ்வளவு நாளும் வேண்டாம், பாதி இறங்கினாலே திணறும். வீட்டில் பைக்கை விட்டுவிட்டு இரண்டு கிழமை வெளியூர் போகிறவர் திரும்பி வந்து பற்றரி பழுது என்று புதுசு வாங்குவது இப்படித்தான், பற்றரியில் பிழையே இருக்காது.

ஆகவே திறப்பைப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்திய பைக்குகள் பலவற்றில் ஹோர்னுக்கோ பிரேக் லைற்றுக்கோ போகிற பொசிற்றிவ் அப்படிப்பட்டது, டெஸ்ட் லைற்றை வைத்துத் திறப்பைப் போட்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹெட்லைற் வயரில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை, என்ஜினில் இருக்கிற கொயிலிலிருந்து நேரே ஏ.சி. போகிறது, முறுக்க முறுக்க வோல்ட்டும் ஏறும். சார்ஜரின் ஆயுள் அதோடு முடிந்தது. எங்கேயிருந்து எடுத்தாலும் எடுக்கிற இடத்துக்குக் கிட்டவே 3 அல்லது 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கட்டும், ஹாண்டில் திரும்புகிற இடத்தில் வயர் உரசி வெறும் செம்பு பிரேமில் பட்டால் பியூஸ்தான் பைக்கைக் காப்பாற்றும்.

லைட்டர் சொக்கெற்றுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. போன் மாறினாலும் சொக்கெற்றை மாற்ற வேண்டியதில்லை, உள்ளே குத்துகிற அடாப்டரை மட்டும் டைப்-சி, பாஸ்ட் சார்ஜ் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது காருக்கென்று செய்த சாமான். ஸ்பிரிங்கால் அழுத்தி நிற்கிற அடாப்டர் கிடங்கு விழுந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கி விட்டு விட்டுத் தொடும், போனும் சார்ஜ் ஆகிறேன், இல்லை, ஆகிறேன் என்று சிணுங்கிக்கொண்டே வரும். வாய் மேலே பார்த்தபடி பூட்டினால் மார்கழி மழைக்கு அது தண்ணீர்க் கிண்ணம், ரப்பர் மூடி இருந்தாலும் அடாப்டர் குத்தியிருக்கும்போது அதை மூட முடியாதே. ரயர் பம்பும் போடலாம் என்று சொல்லி விற்பார்கள். சின்ன பம்பே 8, 10 ஆம்பியர் இழுக்கும், அந்தச் சொக்கெற்றோடு வருகிற மெல்லிய வயர் அதற்குச் சூடாகிவிடும். பம்பு முக்கியம் என்றால் பற்றரியிலிருந்து தடித்த வயரில், தனி பியூஸோடு, மூடியுள்ள இரண்டு பின் கனெக்டர் ஒன்றை சீற்றுக்குக் கீழே விட்டு வையுங்கள். மழைக்காலத்தில் பைக் நாள்கணக்காக நின்றால் அதே கனெக்டரில் 12 வோல்ட் பற்றரி சார்ஜரைக் கொழுவி வீட்டு மின்சாரத்தில் பற்றரியையும் சார்ஜ் போடலாம்.

பவர் பேங்க்கை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு, நான் அப்படியில்லை. புது பைக், வாரண்டி இன்னும் ஓடுகிறது, வயரை வெட்டக் கூடாது என்றால் அதுதான் வழி. 10000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே வரும்போது ஆறாயிரம் சொச்சம்தான் கைக்கு வரும். ஒரு நாள் ஓட்டத்துக்கு அது போதும். சித்திரை வெயிலில் பெட்டிக்குள் அடைத்துவிட்டு பைக்கை வெயிலில் நிறுத்தாமல் இருந்தால் சரி, லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது.

என் தெரிவு யூ.எஸ்.பி. பெட்டிதான், அதுவும் மீற்றர், நீல லைற் எதுவும் இல்லாத, மூடியுள்ள, ஓன்-ஓஃப் சுவிட்ச் வைத்த 18 வாட் சாமான். 1 ஆம்பியர் பெட்டி வேண்டாம். முழு வெளிச்சத்தில் திரை, மேப், டேட்டா எல்லாம் ஓடும்போது அது கொடுக்கிற 5 வாட்டில் சதவீதம் ஏறவே ஏறாது. ஏறாததற்கு எல்லா நேரமும் சார்ஜரும் காரணமில்லை, வெயிலில் போன் கொதித்தால் தானே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், மழையில் துளையில் ஈரம் பட்டால் பல போன்கள் சார்ஜையே மறுத்துவிடும். மழையென்றால் போனைக் கழற்றிப் பொக்கெற்றில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் ஊர்களில் உப்புக்காற்று வேறு. வயரை முறுக்கி ரேப் சுற்றிவிட்ட இணைப்பு ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடித்துவிடும். ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயைப் போடச் சொல்லுங்கள், பற்றரி முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கராஜை விட்டு எடுக்க முன் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், வயர் இழுபட்டால் அங்கேயே கழற்றித் தளர்த்திக் கட்டச் சொல்லலாம்.