கல்லுக்குக் கூலியா, காலடிக்குக் கூலியா?

பிளாக்குகளைத் தோண்டியும் அடுக்கியும் உலகம் கட்டும் விளையாட்டு மைன்கிராஃப்ட். நண்பர்களுக்காக நான் நடத்தும் அதன் சிறிய சர்வரில் ஒருமுறை ‘கட்டுநர்’ என்ற வேலையைச் சேர்த்தோம். சர்வரில் கூடுதலாகச் சேர்க்கும் ஜாப்ஸ் ரீபார்ன் என்ற செருகுநிரல் அதற்கு வழி தருகிறது. சுரங்கம் தோண்டுபவருக்கும் பயிர் செய்பவருக்கும் ஊதியம் கிடைப்பதுபோல, வைக்கும் ஒவ்வொரு பிளாக்குக்கும் கட்டுநருக்குச் சர்வர் நாணயம் சேரும். ஒரே வாரத்தில் ஊருக்கு வெளியே நீண்ட கருங்கல் சுவர் ஒன்று எழுந்தது. அதற்கு வாசல் இல்லை, சன்னல் இல்லை. அது எதையும் காக்கவும் இல்லை. அந்த வாரம் ஊரிலேயே அதிகம் சம்பாதித்தவர் அதை எழுப்பியவர்தான். அதே நாட்களில் இன்னொருவர் மூன்று மாலைகள் செலவிட்டு ஆற்றின் மேல் ஒரு வளைவுப் பாலம் கட்டினார். அவருடைய நேரத்தில் பெரும்பகுதி எட்டி நின்று பார்ப்பதிலும் பிடிக்காததைப் பெயர்ப்பதிலும் போனது. சுவரின் வருமானத்தில் சிறு துளிதான் பாலத்துக்கு வந்தது.

சுவர் எழுப்பியவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. எதற்குக் கூலி என்று நாங்கள் அறிவித்தோமோ அதைத்தான் அவர் செய்தார். ஆனால் அன்று தொடங்கிய கேள்வி இன்னும் என்னை விடவில்லை: ஆட்டக்காரர் விரும்பியதைக் கட்டிக்கொள்ளும் சாண்ட்பாக்ஸ் விளையாட்டு ஒன்றின் பொருளாதாரத்தில் அழகாகக் கட்டுபவருக்கு எப்படிப் பலன் தருவது? இதுவரை பலரும் முயன்று பார்த்த வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

சிக்கலின் வேர் முதலில். இத்தகைய விளையாட்டுகளின் பொருளாதாரத்தை வடிவமைப்பவர்கள் குழாய், வடிகால் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். தோண்டுவது, அறுவடை செய்வது, வேட்டையாடுவது எல்லாம் செல்வம் உள்ளே வரும் குழாய்கள். கட்டுவது வடிகால். கல்லும் மரமும் கண்ணாடியும் கட்டடத்துக்குள் போய்விட்டால் சந்தைக்குத் திரும்புவதில்லை. மற்றவர்கள் தோண்டிய கல்லுக்கு விலை இருப்பதே கட்டுநர் அதை வாங்குவதால்தான். இருந்தும் ஊரில் ஏழை அவர்தான். ஐயோ பாவம் என்று வடிகாலிலேயே ஒரு குழாயைப் பொருத்தினால் நாணயம் பெருகி விலைகள் ஏறுகின்றன. வைத்த கல்லைப் பெயர்த்து மறுபடி வைத்துக் காசு பார்க்கும் வித்தையைத் தடுக்க அமைப்புகள் உண்டு. நாங்களும் அவற்றைப் போட்டோம். சுவரை அவற்றால் தடுக்க முடியவில்லை. கல்லுக்குக் கூலி என்பது சுவருக்குக் கூலி. இந்த வழியை நான் முழுமையாகக் கைவிட்டுவிட்டேன்.

இரண்டாவது வழி, கட்டியதை விளையாட்டே அளந்து மதிப்பெண் தருவது. ஈக்கோ என்ற விளையாட்டு இதைக் கவனமாகச் செய்திருக்கிறது. அங்கே வீட்டின் மதிப்பு உயர உயர, ஆட்டக்காரரின் திறன் வளர்ச்சி வேகமாகிறது. ஒரே அறையில் ஒரே நாற்காலியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அடுத்தடுத்த நாற்காலிக்கு மதிப்பு குறைந்துகொண்டே போகும். மட்டமான பொருளால் எழுப்பிய அறைக்கு, உள்ளே எவ்வளவு நல்ல சாமான் வைத்தாலும், ஓர் உச்சவரம்பு உண்டு. வல்ஹெய்ம் என்ற விளையாட்டில் வீட்டின் சௌகரிய அளவு ஒன்று கூடக் கூட, ஓய்வு தரும் தற்காலிகப் பலன் ஒரு நிமிடம் நீள்கிறது. இருக்கைகளில் சிறந்த ஒன்று மட்டும், படுக்கைகளில் சிறந்த ஒன்று மட்டும் கணக்கில் வரும். அவை 10 மீட்டருக்குள் இருக்கவேண்டும். பயன் என்ன? வீடு என்று ஒன்றைக் கட்ட விருப்பமில்லாதவர்களையும் இவை கட்டவைக்கின்றன. முதல் கூரையைப் போட இதைவிட நல்ல தூண்டுதல் இல்லை. ஆனால் மதிப்பெண் நிரம்பியதும் தூண்டுதல் நின்றுவிடுகிறது. எல்லோரும் கணக்குப் போட்டு ஒரே அறையைக் கட்டுகிறார்கள். கூரையின் சரிவு, சன்னலில் விழும் வெளிச்சம், தெருவோடு வீடு ஒட்டி நிற்கும் விதம் எதுவும் சூத்திரத்தில் இல்லை.

டெராரியா என்ற விளையாட்டு 2020இல் வெளியிட்ட 1.4 பதிப்பில் இதற்கு நல்ல திருப்பம் ஒன்று கொடுத்தது. ஊர்க்காரப் பாத்திரங்களுக்குப் பிடித்த நிலப்பரப்பும் பிடித்த அண்டைவீட்டாரும் அமைந்தால் அவர்கள் விலையைக் குறைத்து விற்பார்கள். மகிழ்ச்சியாக இருப்பவர்கள், ஊருக்கு ஊர் கணத்தில் தாவ உதவும் தூண்களையும் விற்பார்கள். பலனாகக் கிடைப்பது காசு அல்ல, வழி. ஒரே இடத்தில் பெட்டி பெட்டியாக அறைகளை அடுக்கிய பழக்கம் உடைந்து, வரைபடம் முழுவதும் சிற்றூர்கள் பரவின. வீடுகள் அழகாயினவா என்பது ஆட்டக்காரரின் கையில்தான் இருந்தது. ஆனாலும் நாணயத்தைப் பெருக்காத பலன் என்பதால் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது வழியை நீளமாகப் பேசவேண்டும். கட்டிய இடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்த்துக் கொடுப்பது. கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் வழி இது. அதனாலேயே அதிக ஆபத்தானதும் இதுதான் என்பது என் கருத்து.

பயனர்களே நிலம் வைத்துக் கட்டும் இணைய உலகமான செகண்ட் லைஃப் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தது. அது இதைத் தொடக்கத்திலேயே செய்தது. ஒருவர் அந்த உலகில் கழித்த நேரம், அவர் சென்ற நிலங்களுக்கிடையே பங்கிடப்பட்டு, நில உரிமையாளருக்கு அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலராகப் போய்ச் சேர்ந்தது. கூட்டம் வரும் இடத்துக்குத் தேடலிலும் முன்வரிசை. விரைவிலேயே உலகம் முழுக்க நாற்காலிகள் முளைத்தன. வந்து அமர்ந்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டொரு லிண்டன் டாலர் தரும் நாற்காலிகள் அவை. ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் என்ற விலையில் அது ஒரு சென்ட்டைத் தேடும் வேலை. அரும்பாடுபட்டு எழுப்பிய கோட்டைகளில் ஆள் இல்லை. வெறும் தளத்தில் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அசையாத உருவங்கள் நிறைந்திருந்தன. 2006இல் அந்தக் கொடுப்பனவை, செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் நிறுத்தியது.

பயனர்களே ஆட்டங்களை உருவாக்கும் தளமான ரோப்லாக்ஸிலும் ஒருகாலத்தில் ஒருவர் உங்கள் இடத்துக்கு வந்தால் ஒரு டிக்கெட் கிடைக்கும். டிக்கெட் என்ற அந்த இலவச நாணயமே 2016 ஏப்ரலில் ஒழிக்கப்பட்டது. 2020இல் அது வேறு உருவில் திரும்பி வந்தது: பிரீமியம் சந்தாதாரர்கள் ஓர் ஆட்டத்தில் செலவிடும் நேரத்தைப் பொறுத்து உருவாக்கியவருக்கு ரோபக்ஸ் என்ற அத்தளத்தின் நாணயம். அந்தச் சந்தாவுக்கு 2019 வரை இருந்த பெயர் ‘பில்டர்ஸ் கிளப்’, அதாவது கட்டுநர் சங்கம். பெயரிலிருந்து கட்டுநர் போனதும் அடுத்து வந்த கொடுப்பனவு நேரத்தை அளந்ததும் எனக்கு ஒரே நகர்வின் இரண்டு அடிகளாகத் தெரிகின்றன.

ஃபோர்ட்நைட் 2023 மார்ச்சில் இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. பொருட்கடை உள்ளிட்ட விற்பனையின் நிகர வருவாயில் 40 விழுக்காட்டை ஒரு பொதுத் தொகையாக ஒதுக்கி, தீவுகள் எனப்படும் ஆட்டக்களங்களை உருவாக்கியவர்களுக்கு அவற்றின் ஈர்ப்பைப் பொறுத்துப் பகிர்கிறது, ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம். புதியவர்களை உள்ளே இழுத்ததும், வந்தவர்கள் மறுபடி மறுபடி வருவதும் கணக்கில் வரும். எபிக்கின் சொந்தத் தீவுகளும் அதே தொகையில் பங்கு கேட்கின்றன. கட்டுபவர்கள் இதனால் வாழ்க்கை நடத்த முடிகிறது. அது சிறிய விஷயம் அல்ல, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தராசு எதை நிறுக்கிறது? மனிதர் தங்கிய நேரத்தை. கண்ணை நிறைக்கும் ஒரு கோபுரத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள். தராசில் அது பத்து நிமிடம். பெட்டிக்குள் இரண்டு பேர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் இரண்டு மணி நேரம். எந்தத் தீவுகள் பெருகும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

வாக்கெடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹைபிக்ஸல் என்ற மைன்கிராஃப்ட் சர்வரின் ‘பில்ட் பேட்டில்’ போட்டியில் தலைப்பு கொடுத்து ஐந்து நிமிடத்தில் கட்டச் சொல்வார்கள். போட்டியாளர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடுவார்கள். மாலைப் பொழுதுக்கு அருமையான விளையாட்டு. ஆனால் நல்லதைக் குறைத்து மதிப்பிட்டால் தனக்கு லாபம் என்ற நிலையில் வாக்காளரை நிறுத்தும் ஒன்றை, ஒரு பொருளாதாரத்தின் அடித்தளமாக வைக்க முடியாது.

நான்காவது வழி, படைப்பின் உரிமையைக் கட்டுநருக்கே கொடுத்து அவரை விற்கவிடுவது. இதற்கு மறுபடி செகண்ட் லைஃபுக்கு வரவேண்டும், ஏனெனில் இந்தத் துறையின் பெரிய பாடங்கள் அங்கேதான் கிடைத்தன. தொடக்க மாதங்களில் அங்கே வரி இருந்தது. உலகில் நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாராவாரம் லிண்டன் டாலரில் செலுத்தவேண்டும். அமெரிக்க நினைவுச்சின்னங்களைக் கூட்டாக உருவாக்கிய ‘அமெரிக்கானா’ குழு இதில் சிக்கியது. எல்லோரும் பார்க்கட்டும் என்று பொதுவாகக் கட்டியவர்களுக்குத்தான் பெரிய வரி வந்தது. 1773இல் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய கலகத்தை நினைவூட்டி, தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போராடினார்கள். 2003 நவம்பரில் லிண்டன் லேப் ஒரு முடிவை அறிவித்தது: உருவாக்கியவருக்கே அவருடைய படைப்பின் அறிவுசார் சொத்துரிமை. டிசம்பரில் பொருள்வரி போய், நிலத்துக்குக் கட்டணம் என்ற முறை வந்தது.

பலன் தருவதைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டு முடிவுகளுக்கு நிகராக எதையும் நான் வைக்க மாட்டேன். முன்பு உலகம் கட்டுநரிடமிருந்து எடுத்தது. இப்போது அவர் செய்ததை விற்கலாம். நகலெடுக்கலாமா, மாற்றலாமா, கைமாற்றலாமா என்ற மூன்று அனுமதிகளை ஒவ்வொரு பொருளுக்கும் அவரே முடிவு செய்தார். காசு கொடுப்பது சூத்திரம் அல்ல. அந்த நாற்காலியோ வீடோ தனக்கு வேண்டும் என்று நினைக்கும் இன்னொரு மனிதர். புதிய நாணயமும் அச்சாவதில்லை, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகிறது. கருங்கல் சுவரை யாரும் விலைக்குக் கேட்பதில்லை.

இதிலும் ஓட்டைகள் உண்டு. 2006 நவம்பரில் ‘காப்பிபாட்’ என்ற நிரல் பிறர் பொருள்களை அப்படியே நகலெடுக்கத் தொடங்கியபோது, கடைக்காரர்கள் கடையடைத்துப் போராடினார்கள். அனுமதிக்குக் காவல் இல்லாவிட்டால் உரிமைக்குப் பொருள் இல்லை. அடுத்தது, நடுவில் இருப்பவர் எடுக்கும் பங்கு. ரோப்லாக்ஸில் 800 ரோபக்ஸ் 10 டாலர் என்பது நெடுங்காலம் இருந்த விலை. அந்த 800க்கு ஒருவர் உங்கள் ஆட்டத்தில் பாஸ் என்ற கூடுதல் அனுமதியை வாங்கினால் 30 விழுக்காடு போக 560 உங்களுக்கு. பணமாக மாற்றும்போது ஒரு ரோபக்ஸுக்கு 0.0035 டாலர் என்று பல ஆண்டுகள் கணக்கிட்டார்கள். அதாவது ஏறத்தாழ 2 டாலர். 30,000 ரோபக்ஸ் சேராமல் மாற்றவும் முடியாது. 2025 செப்டம்பரில் அந்த விகிதம் 0.0038 ஆனது. சந்தை நல்ல வழி என்று நான் சொல்லும்போது, கட்டியவர் கைக்கு ஐந்தில் ஒரு பங்கு வரும் சந்தையை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

சந்தையைவிட ஒருபடி மேலாக நான் நினைப்பது, முன்கூட்டியே பேசிக் கட்டித்தரும் ஒப்பந்தம். லண்டனில் தொடங்கிய பிளாக்வொர்க்ஸ் குழு மைன்கிராஃப்டில் பிறருக்காகக் கட்டுவதையே தொழிலாகக் கொண்டது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்புக்காக, தடை செய்யப்பட்ட செய்திகளைச் சுமக்கும் பெரும் நூலகம் ஒன்றை அவர்கள் எழுப்பியது 2020இல் திறந்தது. கேட்டவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும், கட்டியவருக்குக் கூலி தெரியும், நடுவில் எந்தக் கணக்குப் பொறியும் இல்லை. இதைச் சிறிய சர்வரிலும் செய்யலாம். எங்கள் ஊரில் கட்டுநர் வேலையை நீக்கிவிட்டு ஒரு பலகை வைத்தோம். கடைக்கு முகப்பு வேண்டும், துறைமுகத்துக்குப் படிக்கட்டு வேண்டும் என்று எழுதிப் போடுவார்கள். சுரங்கத்தில் சம்பாதித்தவர்களின் நாணயம் முதல்முறையாகக் கட்டுநர்களை நோக்கி ஓடியது. பாலம் கட்டியவருக்குத்தான் இப்போது அதிகக் கோரிக்கைகள் வருகின்றன. சுவர் எழுப்பியவரும் அவரோடு சேர்ந்து அடித்தளம் போடுகிறார். கல் அடுக்குவதில் அவருடைய வேகம் அங்கே உண்மையிலேயே தேவைப்படுகிறது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. யாரும் கேட்காத, யாரும் வாங்க முடியாத கட்டடத்துக்கு என்ன செய்வது? மலை உச்சியில் ஒருவர் தனியாகக் கட்டும் கோயிலை, கடலோரத்தில் ஒருவர் எழுப்பும் கலங்கரை விளக்கத்தைப் பலகையில் எழுதிக் கேட்பவர் இல்லை. இதற்குக் காசைவிட இடமும் பொருளும்தான் சரி என்று படுகிறது. செகண்ட் லைஃபில் நெடுங்காலம் நிலைத்த கணக்கின்படி 512 சதுர மீட்டர் நிலத்தில் 117 பிரிம்கள்தான் வைக்க முடிந்தது. அங்கே பிரிம் என்பதே கட்டுமானத்தின் அடிப்படைத் துண்டு. கலைஞருக்கு மூச்சுமுட்டும் அளவு அது. 2010இல் தொடங்கிய லிண்டன் கலைக் கொடை வழியாக, 65,536 சதுர மீட்டர் கொண்ட முழு மண்டலங்கள் கலைஞர்களுக்குச் சில மாதங்கள் கட்டணமின்றி அளிக்கப்பட்டன. நாற்காலிக்கு மாறான பலன் இது. இதைப் பெற்றவர் செய்யக்கூடியது ஒன்றுதான், மேலும் கட்டுவது. அதை விற்கவோ குவித்துவைக்கவோ வழியில்லை.

குறை, தவணையில் இருந்தது. மாதங்கள் முடிந்ததும் கட்டியதைக் கலைத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். எங்கள் சர்வரில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டோம். மாதத்துக்கு ஒருவருக்குப் பெரிய மனையும், பெட்டி பெட்டியாகக் கண்ணாடியும் சுட்ட களிமண்ணும் கொடுக்கிறோம். கட்டி முடித்தது அங்கேயே நிற்கும். போன மாதம் மனை பெற்றவர் கலங்கரை விளக்கத்தின் மூன்றாவது தளத்தில் இருக்கிறார்; கண்ணாடி போதவில்லை என்று நேற்று எழுதியிருந்தார்.