பம்ப் போச்சு என்றார்கள், போனது என் 1,40,000 ரூபாய்

ஸ்கிட் ஸ்டீர் லோடர் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிட்டுத் திரும்பும் சின்ன பக்கெட் வண்டி) வாடகைக்கு ஓட்டுபவர்கள் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதற்குப் பேர் பாப்கேட்தான். ஹைட்ராலிக் பம்ப் ரிப்பேர் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைக் கொட்டிக் கொடுத்தேன். வண்டியில் இருந்த கோளாறு அப்படியே இருக்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரிக் கடை ஒன்று மட்டும் இல்லை என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவுக் களத்தில் ஓடும் வண்டி. காலையில் நன்றாக இழுக்கும். எண்ணெய் சூடேறியதும் இடது பக்கச் சக்கரங்கள் மட்டும் சோர்ந்துவிடும், வண்டி இடப்பக்கமாகவே ஒதுங்கும். பக்கெட் தூக்குவதில் குறையே இல்லை. நார்த்தூசி அடைத்திருக்கும் என்று கூலரைக் கழுவிப் பார்த்தோம், எண்ணெய் அளவு பார்த்தோம், பலனில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். நீளமான மேசை, அதில் பிரித்துப் போட்ட பம்புகள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் வண்டி நம்பர். பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிடும். முதலாளி ஃபில்டரைக் கழற்றினார். எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். பொடிப்பொடியாக மின்னியது. “பாத்தீங்களாண்ணா, பித்தளை. பம்ப் போச்சு. நம்ம வண்டி மாதிரி பாத்துத் தர்றேன், நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பிரஷர் பார்க்க ஒரு கேஜ்கூட மாட்டவில்லை. முன்பணம் எண்பதாயிரம், வண்டி எடுக்கும்போது அறுபதாயிரம். ஆக ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பில்லில் ‘பம்ப் சர்வீஸ்’ என்று ஒரே வரி.

களத்துக்கு வந்து எண்ணெய் சூடானதும் பழைய குருடி கதவைத் திறடி. போன் செய்தேன். “புது ஸீல், செட்டாகக் கொஞ்சம் ஓடணும்ணா.” அப்புறம் “எண்ணெய் சரியில்ல, மாத்துங்க.” மாற்றினேன், அது தனிச் செலவு. அடுத்து என் டிரைவர் ஓட்டும் விதம் சரியில்லையாம். அதற்குப் பிறகு போனை எடுத்ததெல்லாம் கடைப்பையன்தான். “முதலாளி வெளியூர்ல இருக்காருங்க.” எப்போது கூப்பிட்டாலும் வெளியூர்.

கடைசியில் வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தேன். வயதானவர், பேச்சு குறைவு. இந்த வண்டியில் எண்ணெயை அழுத்தித் தள்ள பக்கத்துக்கு ஒரு டிரைவ் பம்ப், அந்த எண்ணெயில் சுழன்று சக்கரத்தைச் சுற்ற பக்கத்துக்கு ஒரு ஹைட்ராலிக் மோட்டார். மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை இடம் வலம் மாற்றிப் போட்டார். இடது லீவரைத் தள்ளினால் வலது சக்கரம் சுற்றுகிறது. சூடேறும்வரை ஓட்டினோம். பம்பில் கோளாறு என்றால் சோர்வு வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடதிலேயே நின்றது. ஹோஸ்களைத் திருப்பி மாட்டி, மோட்டார்களின் கேஸ் டிரெயின் குழாயை (உள்ளே கசியும் எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் குழாய்) கழற்றி வாளியில் விட்டு, வண்டியை மண்மேட்டில் முட்டக் கொடுத்தார். வலதில் நூல் மாதிரி எண்ணெய். இடதில் குபுகுபுவென்று கொட்டியது. தேய்ந்தது இடது மோட்டார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக எண்ணெய் ஊட்டும் சார்ஜ் பிரஷரும் கேஜில் சரியாக நின்றது. அது இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா சோர்ந்திருக்கும்?

மோட்டாருக்குள்ளும் பித்தளை உண்டு. அந்தத் தூள் மூடிய சுற்றில் பம்புக்கும் போகும் என்று பம்பைத் திறந்து பார்த்தார். உள்ளே பழைய வால்வ் பிளேட், அதாவது எண்ணெய் உள்ளே வரவும் வெளியே போகவும் வழிவிடும் ஓட்டைத் தட்டு. ஒர்க்‌ஷாப்பில் பிரித்தபோது என் டிரைவர் எடுத்த போட்டோவில் பிறை வடிவ ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு வளைந்த கீறல் இருந்தது. அதே கீறல், அதே இடத்தில். மாற்றியது ஸீல் மட்டும்தான். அதற்கா ஒரு லட்சத்து நாற்பதாயிரம்!

போட்டோவோடு நேரில் போனேன். “லேப்பிங் பண்ணிப் போட்டோம்ணா” என்றார். லேப்பிங் என்றால் முகத்தைத் தேய்த்துச் சமமாக்குவது. லேப்பிங் செய்த பிளேட்டில் கீறல் எப்படி அப்படியே இருக்கும் என்று கேட்டேன். உடனே பேச்சு மாறியது: “வேற ஆள வெச்சுப் பிரிச்சுட்டீங்க, இனி கேரண்டி கிடையாது.” இந்த முறை டீ வரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஒரு பக்கம் மட்டும் சோர்ந்தால் ஹோஸ் மாற்றிப் பார்க்காமல் பம்பைக் கழற்ற விடாதீர்கள். மாற்றி ஓட்டும்போது ஸ்டியரிங் தலைகீழாக இருக்கும், காலி இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் சாமான் பெயர் ஒவ்வொன்றாக வேண்டும். மோட்டார் போயிருந்தால் கூலர், டேங்க், ஹோஸ் எல்லாம் கழுவாமல் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். ஹோஸ் கசிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம், அந்த பிரஷரில் எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும், அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

மோட்டாருக்கு இனிமேல்தான் பணம் புரட்ட வேண்டும்.