பழைய கார்வெட்டில் ஹேண்ட் பிரேக் வேலை பார்க்கக் கொடுத்தால், பணம் கட்டும் முன் ரிவெட்டைப் பாருங்கள்

1965 முதல் 1982 வரை வந்த செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஏதாவது வைத்திருந்தால், ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடையது 1977 மாடல், கலிஃபோர்னியாவில் ஓடுகிறது. இரண்டு பின்சக்கரத்துக்கும் புது ஷூ (பிரேக் பிடிக்கும் வளைந்த கட்டை), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் செட், கூலி எல்லாம் சேர்த்து 900 டாலருக்கு மேல் பில் போட்டார்கள். உண்மையில் இடது பக்கத்தைத் தொடவே இல்லை. வலது பக்கத்தில் ஷூவை மட்டும் மாற்றிவிட்டு, துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்குகளையே திரும்ப மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். இந்தக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஆனால் ஹேண்ட் பிரேக்குக்குத் தனி ஏற்பாடு. பின்பக்க ரோட்டாரின் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) நடுவில் தொப்பி மாதிரி மேடாக இருக்கிறதே, அதன் உட்புறம்தான் டிரம். அதற்குள் சின்னதாக இரண்டு ஷூ, அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்குகள், பின்தகட்டோடு அழுத்தி நிறுத்த ஊசியும் ஸ்பிரிங்கும், நடுவில் இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரம். இதில் எதைத் தொட வேண்டுமானாலும் ரோட்டார் வெளியே வந்தாக வேண்டும். அந்த ரோட்டாரை ஃபேக்டரியிலேயே ஸ்பின்டிலோடு (சக்கரம் பூட்டியிருக்கும் சுழலும் அச்சு) ரிவெட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ரிவெட்டைத் துளைத்து எடுக்காமலோ ஸ்பின்டிலையே கழற்றாமலோ உள்ளே போக வழியில்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் லீவர் நன்றாகத்தான் இறுகியது. கொஞ்ச நாளில் சரிவில் நிறுத்தினால் மெதுவாக உருள ஆரம்பித்தது, வலது பக்கத்தில் உரசல் சத்தம் வேறு. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், இடது ரோட்டாரில் ஃபேக்டரி ரிவெட்டின் தலைகள் எல்லாம் பழைய துருவோடு அப்படியே இருக்கின்றன! ஸ்பின்டிலைக் கழற்றிய அடையாளமும் இல்லை. வலது பக்க ரிவெட்டுகளை முந்தைய ஓனர் காலத்திலேயே யாரோ எடுத்திருந்தார்கள், அதனால் அங்கே மட்டும் சுலபமாகத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு ஊசியின் மூடியைச் சரியாகத் திருப்பி மாட்டாததால் அது கழன்று, ஸ்பிரிங் டிரம்முக்குள் விழுந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஓடுகிற சக்கரத்துக்குள் அது எங்கேயாவது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒர்க்‌ஷாப் ஓனரிடம் கேட்டபோது, இடது பக்க ஸ்பிரிங்கை அட்ஜஸ்ட் பண்ணும் ஓட்டை வழியாகவே மாற்றிவிட்டதாகச் சொன்னார். அந்த ஓட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பல்சக்கரத்தைத் திருப்புவதற்கு. அது வழியாக ஸ்பிரிங்கையோ ஷூவையோ எடுக்கவே முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

லீவர் முதலில் இறுகியதற்குக் காரணம், கேபிளை மட்டும் இழுத்து முறுக்கியிருந்தார்கள். சரியான முறை இதற்கு நேர்மாறு. முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்த வேண்டும், பல்சக்கரத்தைத் திருப்பி ரோட்டார் பிடிக்கும் வரை கொண்டுவந்து, பிறகு உரசாத அளவுக்குப் பின்னால் தளர்த்தி, கடைசியில்தான் கேபிள்.

அடுத்தது இன்னும் மோசம். ரிவெட் இல்லாத ரோட்டாரை எடுக்கும்போது எந்த போல்ட்டுக்கு எந்தத் துளை என்று அடையாளம் போட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் ரோட்டாரையும் ஸ்பின்டிலையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கடைந்திருக்கிறார்கள். இடம் மாறினால் ரோட்டார் லேசாக ஆடும். அந்த ஆட்டம் காலிப்பர் (ரோட்டாரை இரு பக்கமும் கவ்வும் பாகம்) பிஸ்டன்களை உள்ளும் வெளியுமாகத் தள்ளி, சீல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். பழைய கார்வெட்டில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவதற்கு இது பிரபலமான காரணம். ஹேண்ட் பிரேக் வேலைக்கு விட்ட வண்டியில் கால் பிரேக்கும் கெட்டுப்போய் வந்தது. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து ரோட்டாரைப் பழைய இடத்தில் பொருத்திய பிறகுதான் பெடல் சரியானது.

ஷூ தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம். நின்ற வண்டியைப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை, லீவரை இழுத்தபடியே ஓட்டினால் தவிர அவ்வளவு சீக்கிரம் தேயாது. துருப்பிடித்து முதலில் போவது ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான், அதனால்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட் வாங்குகிறோம். ஸ்பின்டிலின் தட்டையான முகப்பு, அதாவது ஃபிளாஞ்ச், குறுக்கே இருப்பதால் அதை மாட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஃபிளாஞ்சில் இருக்கும் துளையை நேராகக் கொண்டுவந்து, அது வழியாக ஊசி ஸ்பிரிங்கை அமுக்கித் திருப்ப வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் வேலை ஒப்படைக்கும்போதே பழைய பாகங்களைக் கேட்டால் அவர்கள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். நான் எழுத்தில் கேட்டிருந்தேன், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். ரிப்பேர் கடைகளைக் கண்காணிக்கும் மாநில அமைப்பான பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுத்து, ரிவெட் தலைகளின் படத்தையும் பில்லையும் இணைத்தேன். அதற்கப்புறம் இடது பக்கக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாட்டாத ஸ்பிரிங் செட்டுக்கு வாங்கிய பணம் இன்னும் வரவில்லை, அதற்காகப் புகாரை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.